பாட்டியின் மிக்ஸியும் ஜாதிக்காய்த் தீவும்

உங்களிடம் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் 23 கிலோ வரை வைக்கலாம். அதற்கு மேல் போனால் விமான நிலையத்தில் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்த இரண்டு பெட்டிகளோடு நீங்கள் ஒரு தீவுக்குப் போய், இரண்டு ஆண்டுகள் தங்கிப் படிக்கப் போகிறீர்கள். என்னென்ன எடுத்து வைப்பீர்கள்?

மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளில் பத்துப் பொருள்களின் பெயரை எழுதுங்கள். எழுதியாச்சா? தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் கடைசியில் அது வேண்டும்.

என் சித்தி மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. கிடைத்த இடம் கிரெனடா என்ற தீவு. கரீபியன் கடலில், தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே இருக்கிறது. நீளம் சுமார் 34 கிலோமீட்டர்தான். நியூஜெர்சியில் நாங்கள் கோயிலுக்குப் போகும் தூரம்கூட அதைவிட அதிகம்! ஆனாலும் அது ஒரு தனி நாடு. 1974-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் 1977 முதல் மருத்துவ வகுப்புகள் நடக்கின்றன. அமெரிக்காவிலிருந்து நிறைய மாணவர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

கடிதம் வந்த அன்று வீட்டில் கேசரி. அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டது பேச்சு: "எதை எடுத்துக்கிட்டுப் போறது, எதை விட்டுட்டுப் போறது?"

பாட்டியின் பட்டியல்

முதலில் பட்டியல் போட்டது எங்கள் பாட்டி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், இரண்டு பத்தியாக எழுதியிருந்தார். நான் படித்ததெல்லாம் அமெரிக்கப் பள்ளியில். அதனால் உங்களில் பலரைப் போலவே நானும் அதை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பாட்டி வேறு பாதிப் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தார். "து. பருப்பு, உ. பருப்பு, க. பருப்பு" என்று இருந்தது. முதலாவது துவரம் பருப்பு, அடுத்தது உளுத்தம் பருப்பு. மூன்றாவது எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

பட்டியலில் புளி இருந்தது. மஞ்சள்தூள், பட்டை, கிராம்பு, இஞ்சிப் பொடி, தேங்காய்த் துருவல் எல்லாம் இருந்தன. கடைசி வரியில், "ஜாதிக்காய் – 4. வயிற்று வலிக்கு" என்று எழுதியிருந்தார்.

நான் மென்பொருள் வேலை செய்பவள். எதையும் முதலில் தேடிப் பார்க்காமல் செய்ய எனக்கு வராது. அன்று இரவு உட்கார்ந்து கிரெனடாவில் என்னென்ன விளைகிறது என்று படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது.

கிரெனடாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: வாசனைத் தீவு. அந்த நாட்டின் கொடியைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களுக்கு நடுவே, இடது பக்கத்தில் ஒரு சின்னக் காய் இருக்கும். அதுதான் ஜாதிக்காய்! ஜாதிக்காய் மரத்தின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். 1843-இல் அது கிரெனடாவுக்கு வந்தது. வந்த இடத்தில் நன்றாக வேர் பிடித்து, உலகத்திலேயே அதிகமாக ஜாதிக்காய் விளையும் நாடுகளில் ஒன்றாக அந்தச் சின்னத் தீவை ஆக்கிவிட்டது.

ஜாதிப்பழத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளாக, சின்னப் பீச் பழம் போல இருக்கும். பழுத்ததும் தானாகவே இரண்டாகப் பிளக்கும். உள்ளே பளபளவென்று ஒரு கரும்பழுப்புக் கொட்டை. அதன்மேல் சிவப்பு வலை போட்டு மூடியதுபோல் ஒரு தோல். அந்தச் சிவப்பு வலைதான் பிரியாணியில் போடும் ஜாதிபத்திரி. கொட்டையை உடைத்தால் உள்ளே இருப்பது ஜாதிக்காய். ஒரே பழத்தில் இரண்டு வாசனைப் பொருள்.

அப்படிப்பட்ட ஊருக்கு நாலு ஜாதிக்காய் கட்டி அனுப்பினால் எப்படி இருக்கும்? தமிழில் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. கொல்லன் என்றால் இரும்பு வேலை செய்பவர். அவர் தெருவிலேயே போய் "ஊசி வேணுமா, ஊசி!" என்று கூவினால் யார் வாங்குவார்கள்? என் தங்கை இதையே வேறு மாதிரி சொன்னாள். "திருநெல்வேலிக்கே அல்வாவா, பாட்டி?"

நான் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஜாதிக்காய், அடி. பட்டை, கிராம்பு, இஞ்சி, அங்கேயே விளைகிறது, அடி. மஞ்சளும் விளைகிறது, ஆனால் அங்கே பல பேர் மஞ்சளை 'சாஃப்ரன்' என்று சொல்வார்கள். குங்குமப்பூ என்று நினைத்துக் குழம்பக் கூடாது. தேங்காய் தோப்புத் தோப்பாக இருக்கிறது, அடி. புளியமரம் உண்டு, புளியில் சர்க்கரை சேர்த்து உருட்டி மிட்டாய்கூடச் செய்வார்கள். அடி. துவரைச் செடியும் உண்டு. ஆனால் அவர்கள் அதைப் பச்சையாகப் பறித்துச் சமைப்பார்கள், நம்மைப்போல் உடைத்துப் பருப்பாக்குவது குறைவு. அதற்கு மட்டும் ஒரு கேள்விக்குறி.

இப்படியே அடித்துக்கொண்டு போனேன். முடித்தபோது தாளில் உளுந்து, பெருங்காயம், வெந்தயம், சாம்பார்ப்பொடி என்று ஏழெட்டுப் பெயர்கள்தான் மிஞ்சின. எனக்கு ஒரே பெருமை. பத்துக் கிலோ மிச்சம்!

பாட்டி தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிம்மா. எல்லாம் அங்கயே கெடைக்குதுன்னா நல்லதுதான். அப்புறம் நான் எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். நான் அடித்தது ஒவ்வொன்றும் சரிதான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எடையும் இடமும்

அடுத்த ஒரு வாரம் வீடு முழுக்கப் பெட்டி. தங்கை ஒரு மூலையில் தடித்தடிப் புத்தகங்களை அடுக்கினாள். இன்னொரு மூலையில் அவளுடைய தலையணை, கம்பளி, மெத்தை விரிப்பு.

"அக்கா, புத்தகத்தையும் தலையணையையும் கூரியர்ல அனுப்பிடலாமா?"

இங்கே ஒரு கணக்குப் போடலாம், வாருங்கள். விமானத்தில் பெட்டி அனுப்பினால் எடைக்கு மட்டும் பணம் வாங்க மாட்டார்கள். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்க வேண்டும். வருவதைப் பல கூரியர்காரர்கள் 5000-ஆல் வகுப்பார்கள். அதுதான் அந்தப் பெட்டியின் "இட எடை". உண்மையான எடை, இட எடை இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் பணம்.

தலையணைப் பெட்டியை அளந்தோம். 60 × 50 × 50. பெருக்கினால் 1,50,000. 5000-ஆல் வகுத்தால் 30. தராசில் வைத்தால் அந்தப் பெட்டி 6 கிலோதான்! ஆனால் 30 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். காற்றுக்குக் காசு கொடுப்பது என்றால் இதுதான்.

புத்தகப் பெட்டி 40 × 30 × 30. இட எடை 7 கிலோ சொச்சம்தானே என்று சந்தோஷப்படாதீர்கள். சரியாகச் சொன்னால் 7.2. தராசோ 22 கிலோ காட்டியது. ஆக, லேசான பெட்டியும் ஏமாற்றியது, சின்னப் பெட்டியும் ஏமாற்றியது.

தலையணையை விட்டுவிடு, அங்கே வாங்கிக்கொள் என்றேன். புத்தகத்தைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமை. ஒரு பாடப்புத்தகத்தில் இதை எழுதக் கூடாதுதான், ஆனாலும் எழுதுகிறேன். தடிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு தீவுக்குப் போகாதீர்கள். இப்போது எல்லாம் கணினியிலேயே படிக்கக் கிடைக்கிறது. அதோடு, கிரெனடாவில் காற்றில் எப்போதும் ஈரம். ஈரக் காற்றில் தாள் நமுத்துப்போகும். அட்டையில் பூஞ்சை பிடிக்கும். தங்கை ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் விடமாட்டேன் என்றாள். உடல் உறுப்புகளைப் படம் போட்டுக் காட்டும் புத்தகம் அது. சரி என்று விட்டேன்.

குளிர்கால மேலங்கியை விட்டுவிட அவளுக்கு மனசே இல்லை. நியூஜெர்சிப் பிள்ளை அல்லவா? கிரெனடாவில் வருடம் முழுவதும் வெயில் காலம்தான். குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஜனவரி முதல் மே வரை மழை குறைவு, ஜூன் முதல் டிசம்பர் வரை மழை அதிகம், அவ்வளவே. வகுப்பறைகளில் ஏசி குளிரும் என்பதால் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் மட்டும் வைத்தோம்.

ஜூன் முதல் நவம்பர் வரை இன்னொன்றும் உண்டு. புயல். 2004 செப்டம்பரில் 'ஐவன்' என்ற புயல் கிரெனடாவைத் தாக்கியது. பெரும்பாலான வீடுகளின் கூரை போனது. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது. ஜாதிமரம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். நட்டவுடன் பலன் கிடைக்காது. அந்த ஒரே நாள் புயலால் எத்தனை குடும்பங்கள் எத்தனை வருடம் காத்திருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலை 1 அன்று 'பெரில்' புயல் அந்த நாட்டைச் சேர்ந்த கரியாக்கு தீவை அப்படியே புரட்டிப்போட்டது. அதனால் ஒரு டார்ச் விளக்கு, தண்ணீர் புகாத ஒரு பை, இரண்டும் அவளுடைய கைப்பைக்குள் போயின. பாஸ்போர்ட், சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு எல்லாம் அந்தப் பைக்குள். இவற்றை ஒருபோதும் பெரிய பெட்டியில் போடக் கூடாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம்; நீங்கள் போகும் ஊருக்குத்தான் உங்கள் பாஸ்போர்ட்டும் வர வேண்டும்!

கரண்ட் பிரச்சினை

இப்போது சமையலறைக்கு வருவோம். தங்கை ஒரு ரைஸ் குக்கரையும் நம் ஊர்க் கடையில் வாங்கிய மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் தங்கப்போவது ஒரு வாடகை வீடு. தானே சமைத்துக்கொள்ள வேண்டும்.

"மிக்ஸி இல்லாம எப்படிக்கா சட்னி அரைக்கிறது?"

நான் மிக்ஸியைத் தலைகீழாகப் புரட்டினேன். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

மின்சாரத்தைக் குழாயில் வரும் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தள்ளும் வேகம் போல, மின்சாரத்தைத் தள்ளும் விசைதான் மின்னழுத்தம். அதை வோல்ட் என்ற அளவில் சொல்கிறோம். அமெரிக்காவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட். கிரெனடாவில் 230. ஏறத்தாழ இரண்டு மடங்கு! இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்தால் ரைஸ் குக்கர் இரண்டு மடங்கு சூடாகும் என்று நினைப்பீர்கள். இல்லை, ஏறத்தாழ நான்கு மடங்கு சூடாகும். சோறு வேகாது, குக்கர்தான் வேகும்.

"அடாப்டர் போட்டா சரியாகிடாதா?" என்று சித்தப்பா கேட்டார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சாதாரண அடாப்டர் செருகியின் உருவத்தைத்தான் மாற்றும். அழுத்தத்தை மாற்றாது. சட்டையை மாற்றிப் போட்டால் ஆள் மாறிவிடுவாரா?

மடிக்கணினியின் சார்ஜரைப் புரட்டிப் பார்த்தோம். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். போன் சார்ஜரும் அப்படித்தான். இவற்றுக்கு மட்டும் அடாப்டர் போதும். பிரஷர் குக்கருக்கு இந்தக் கவலையே இல்லை. அடுப்பு இருந்தால் விசில் அடிக்கும்.

"அப்போ மிக்ஸி?" என்றாள் தங்கை.

"கிடையாது. அது 120. அங்கே 230" என்றேன்.

அதுவரை சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் பாட்டி. ஒரு வாரமாகப் பெட்டிப் பக்கமே வரவில்லை. திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"எவ்வளவு சொன்னே? இருநூத்து முப்பதா?"

"ஆமாம் பாட்டி."

"இருநூத்து முப்பதுன்னா அது நம்ம ஊர் கரண்டாச்சே!"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உண்மைதான். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கிரெனடாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இவ்வளவு தேடிப் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அடித்தளத்து மிக்ஸி

பாட்டி அமெரிக்கா வந்தபோது எனக்கு உங்கள் வயது. வரும்போது சென்னையிலிருந்து ஒரு மிக்ஸி கொண்டுவந்தார். தாத்தா வாங்கிக் கொடுத்தது. மூன்று ஜாரையும் புடவைக்குள் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து, அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தார். வந்த மறுநாளே தேங்காய் போட்டு அரைக்கப் பார்த்தார். அது 'ம்ம்ம்' என்று முனகியது. மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றியது. நின்றுவிட்டது. 230 வோல்ட் கேட்கும் மிக்ஸிக்கு 120 எப்படிப் போதும்? அன்று பாட்டி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மிக்ஸியைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, வீட்டின் அடித்தளத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். தூக்கிப் போடவும் விடவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் அது அங்கேயேதான் இருந்தது.

மேலே எடுத்துவந்து தூசி தட்டினோம். வேலை செய்யுமா? வீட்டில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. வெறும் ஜாரை வைத்து, பழைய அடாப்டர் போட்டு, சுவிட்சைத் திருப்பினேன். ம்ம்ம் என்றது. மெல்லச் சுற்றியது. எரிந்த வாசனை வரவில்லை.

"உசுரு இருக்கு" என்றார் பாட்டி.

ஆனால் ஜாரோடு சேர்த்து அதன் எடை 7 கிலோ. பெட்டியில் வைத்தால் 23 கிலோவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அங்கே போய் வேலை செய்யாவிட்டால்? ஏழு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு போனது வீண். சித்தி வேண்டாம் என்றார். நானும் முதலில் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தங்கைதான், "எடுத்துக்கிட்டுத்தான் போவேன்" என்று நின்றாள்.

பீப்பாய்

வழி புரூக்ளினில் கிடைத்தது. நியூயார்க் நகரத்தின் அந்தப் பகுதியில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அவர்கள் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு, அக்கா தங்கைக்கு, பீப்பாயில் பொருள் கட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். பீப்பாய் என்றால் உருண்டையான, உயரமான, மூடி போட்ட பெரிய கலம். கிட்டத்தட்ட 200 லிட்டர் கொள்ளும். உங்கள் இடுப்பு உயரம், இல்லை அதற்கும் மேலே இருக்கும். அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிக்கூடக் காலணி எல்லாம் அதற்குள் போகும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பீப்பாய்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. நம் வீட்டில் ஊருக்குப் போகும்போது பெட்டி கட்டுவோமே, அதே பாசம்தான்; கலம்தான் வேறு.

இதில் ஒரு நல்ல விஷயம், நாங்கள் போன இடத்தில் எடைக்குப் பணம் இல்லை. ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். ஆகவே கனமானது கப்பலுக்கு, அவசரமானது விமானத்துக்கு. என்ன, கப்பல் போய்ச் சேரப் பல வாரம் ஆகும்.

கடையில் இருந்த பெரியவர் எங்களுக்குக் கட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். கனமான சாமான் அடியில். உடையக்கூடியது நடுவில். சின்ன இடைவெளியும் விடக் கூடாது. துணியைத் திணிக்க வேண்டும். ஆட இடம் இருந்தால்தான் பொருள் உடையும். மிக்ஸியை இரண்டு போர்வைக்குள் சுற்றினோம். பிரஷர் குக்கருக்குள் உளுந்துப் பொட்டலங்கள். பெரிய ஜாருக்குள் பெருங்காய டப்பா. காற்றுப் புகாத டப்பாதான், இல்லாவிட்டால் போர்வை இரண்டு வருடம் மணக்கும்!

உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தீவில் சுங்க அதிகாரிகள் சோதிப்பார்கள். தங்கை எழுதினாள்: "மிக்ஸி – 1. பழையது."

மூடுவதற்கு முன் பாட்டி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். நாலு ஜாதிக்காய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வைத்தேன்.

தீவில்

தங்கை போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் கணக்கில் எது சரி, எது தப்பு என்று தெரிந்தது. தோல் காலணி தப்பு. ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிட்டது. இன்னொரு மூக்குக்கண்ணாடி எடுத்துப் போகாதது பெரிய தப்பு. சின்னத் தீவில் நினைத்த பொருள் நினைத்த அன்று கிடைக்காது. பெரும்பாலான கடைச் சாமான்கள் கப்பலில்தான் வர வேண்டும். அதனால் விலையும் கூடுதல்.

ஆனால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரின் தேசிய உணவு 'ஆயில் டவுன்'. சீமைப்பலாக்காயைத் தேங்காய்ப்பாலில், மஞ்சள் போட்டு, சேம்பு இலையோடு சேர்த்து, பால் வற்றி எண்ணெய் பிரியும் வரை வேகவைப்பார்கள். அதில் உப்புக்கண்டமும் போடுவார்கள். இவளுக்கு மட்டும் அது இல்லாமல் பக்கத்து வீட்டம்மா செய்து கொடுத்தார். "நம்ம ஊர்க் கூட்டு மாதிரியே இருக்குக்கா!" என்றாள்.

தெருமுனையில் ரொட்டி விற்கிறார்கள். பெயரும் 'ரொட்டி'தான். எப்படி வந்தது? 1857 மே 1 அன்று 'மெய்ட்ஸ்டோன்' என்ற கப்பல் இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிரெனடா வந்தது. அதற்குப் பின் வந்தவர்களையும் சேர்த்தால் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு ஏது 23 கிலோ பெட்டி? துணி மூட்டைதான். வடக்கே இருக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குத் தமிழர்களே நிறையப் பேர் போனார்கள். அங்கே இன்றைக்கும் 'கொலொம்போ' என்று ஒரு குழம்பு உண்டு. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குழம்பு, கொலொம்போ. மூட்டையில் கட்ட முடியாததை அவர்கள் வாயிலேயே கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஏழு வாரம் கழித்துப் பீப்பாய் வந்தது. துறைமுகத்தில் திறந்து காட்டச் சொன்னார்கள். அதிகாரி மிக்ஸியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாராம். பிறகு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தாராம். நாலு ஜாதிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாராம். "எங்கள் ஊருக்கா?" என்று அவர் கேட்க, "என் பாட்டி" என்றாளாம் இவள். அவர் சிரித்துவிட்டுத் திருப்பி உள்ளே வைத்தாராம்.

மிக்ஸியின் செருகியில் மூன்று உருண்டைக் கம்பிகள். கிரெனடாச் சுவரிலோ பிரிட்டனில் இருப்பதுபோல் மூன்று பட்டைத் துளைகள். ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து செருகியை மாற்றிக் கொடுத்தார். (இதை நீங்களாகச் செய்யக் கூடாது!) அன்று மாலை அவள் வீடியோவில் கூப்பிட்டாள். பாட்டியைப் போன் முன்னால் உட்கார வைத்தோம். ஜாரில் தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி எல்லாம் தயார்.

"போடட்டுமா பாட்டி?"

"இரு இரு. மூடிய நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோ. மொதல்ல ஒண்ணுல வை. எடுத்தவுடனே மூணுக்குப் போகாதே."

அவள் சுவிட்சைத் திருப்பினாள். முனகல் இல்லை. 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், போனே அதிர்ந்தது. பாட்டி எழுந்து நின்றுவிட்டார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். உப்பா, தண்ணீரா, தாத்தாவைப் பற்றியா, தெரியவில்லை. மிக்ஸி சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை.

சொல் தெரிந்துகொள்வோம்

நமுத்துப்போதல் – ஈரக் காற்றுப் பட்டு மொறுமொறுப்பு, விறைப்பு போய்விடுதல். அப்பளம் நமுத்துப்போகும்.
கிராக்கி – ஒரு பொருளைப் பலர் கேட்பதால் அது எளிதில் கிடைக்காத நிலை.
சுங்கம் – வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு அரசு வாங்கும் வரி.
பொட்டலம், மூட்டை, பெட்டி, பீப்பாய் – நான்கும் பொருள் வைக்கத்தான். சின்னதிலிருந்து பெரியதாக எழுதியிருக்கிறதா? உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மூட்டை பெரியதா, பெட்டி பெரியதா என்று சண்டை வரும்.

பேச்சும் எழுத்தும்

பாட்டி பேசியதை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.
1. "எல்லாம் அங்கயே கெடைக்குதுன்னா நல்லதுதான்."
2. "எவ்வளவு சொன்னே?"
3. "உசுரு இருக்கு."
(மூன்றாவதை மாற்றிய பிறகு இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எது பாட்டி பேசுவதுபோல் இருக்கிறது?)

செய்து பார்ப்போம்

1. பெரியவர் ஒருவரின் துணையோடு, செருகியைக் கழற்றிவிட்டு, உங்கள் வீட்டில் உள்ள ஐந்து மின்கருவிகளின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எவை கிரெனடாவில் வேலை செய்யும்? எவை செய்யாது?
2. 50 × 40 × 30 அளவுள்ள ஒரு பெட்டி தராசில் 9 கிலோ இருக்கிறது. எத்தனை கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்?
3. வேறு நாட்டிலிருந்து வந்தபோது என்ன கொண்டுவந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே ஐந்து வரி எழுதி வாருங்கள்.
4. பாடத்தின் தொடக்கத்தில் எழுதிய தாளை எடுங்கள். பத்தில் மூன்றை அடித்துவிடுங்கள். ஏன் அடித்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் சொல்லுங்கள்.